ரோகு மீன்கள் விரதமிருந்த வாரம்

"மேடம், மீனுக்கெல்லாம் செம பசி. பாருங்க, வாயைத் தொறந்து தொறந்து மூடுது."

யோகேஸ்வரி சொல்லிக்கொண்டே தீவன டப்பாவின் மூடியைத் திருகினாள். பதினோராம் வகுப்பு. சொல்லி முடிப்பதற்குள் செய்து முடித்துவிடுகிற பிள்ளை.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை காலை. அந்தமானின் ரங்கத் ஊரில், எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், மதியச் சாப்பாடு சமைக்கிற கொட்டகையை ஒட்டி எங்கள் சிமென்ட் தொட்டி இருந்தது. தகரக் கூரையிலிருந்து ராத்திரி மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்த ரோகுக் குஞ்சுகள், விரல் நீளத்தில் இருநூறு, மொத்தமும் மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டிருந்தன. பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகும் சோறு வராத மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? அதே முகம்.

"டப்பாவை மூடு புள்ள," என்றேன்.

குழாய்த் தண்ணீர் விழுகிற மூலையில் பதினொரு குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. ஓரத்தில் சோப்பு நுரை போல ஒரு நுரை.

"அது பசி இல்ல. மூச்சு முட்டுது."

சுபல் சிரித்துவிட்டான். யோகேஸ்வரியின் வகுப்புதான் அவனும், வங்காளிப் பையன். தமிழை ஹிந்தியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி பேசுவான். "தண்ணிக்குள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டுமா, மேடம்? ஐசா பீ ஹோதா ஹை க்யா? இப்படியும் நடக்குமா?"

"உனக்குக் காத்துக்குள்ள இருந்துக்கிட்டே கணக்குப் பரீட்சையில முட்டலையா?"

அவன் வாயை மூடினான். மீன்கள் மூடவில்லை.

பைப் கடையிலிருந்து ஒரு மேடம்

ஹார்ட்வேர் கடையில் பதினெட்டு வருஷம் நின்றே காலம் தள்ளியவள் நான். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், எல்போ, டீ என்று குழாய்ச் சாமான்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எடுத்துத் தருவேன். அந்தக் கடைக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை பைப் வாங்க வந்தார் பிரின்ஸிபால். மதுரைப் பக்கத்து ஆள். மெயின்லாண்டிலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை.

"ஏன் சார், வீடு பூரா ஒழுகுதா?" என்று கேட்டேன்.

அவர் பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மீன் தொட்டி ஒன்று. அதன் மேல் ஜல்லி நிரப்பிய பாத்தி ஒன்று. மீன் தொட்டித் தண்ணீர் மேலே ஏற வேண்டும், பாத்தி நிறைய வேண்டும், நிறைந்ததும் தானாகவே மொத்தமும் வடிந்து மீனிடம் திரும்ப வேண்டும். பாத்தி நிறைகிறது, வடியத்தான் மாட்டேன் என்கிறது.

"நம்ம கக்கூஸ் ஃப்ளஷ் மாதிரி," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. படித்தவர்களுக்கு உவமை எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம்.

"மேல கவுத்து மூடுற குழாய் ரொம்பச் சின்னது சார். ஒரு சைஸ் பெருசா போடுங்க," என்று சொல்லி, நானே போய் மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் ஏறி, ஒரு நிமிஷம் யோசித்து, 'களக்' என்று ஒரே மூச்சில் வடிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். கடையில் என்னைப் பார்த்து 'ஜல்தி, ஜல்தி' என்று கை சொடுக்கியவர்கள் உண்டு. கை தட்டியவர்கள் கிடையாது.

அப்புறம் ஆறு மாதம் ஃபோனில் வீடியோவாகப் பார்த்தேன். புரியாததை யோகேஸ்வரியிடம் காட்டி இங்கிலீஷ் கேட்டேன். வீட்டில் பழைய பிளாஸ்டிக் டிரம்மை அறுத்து மூன்று முறை மீனைக் கொன்று, நாலாவது முறை பிழைக்க வைத்தேன். பிரின்ஸிபால் வந்து பார்த்தார்.

"கனகாம்மா, அரையாண்டு வரைக்கும் நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. மீனும் கீரையும் நல்லபடியா வந்தா, உங்களை இன்ஸ்ட்ரக்டரா வச்சுக்கணும்னு நான் மேல எழுதுறேன். மீன் போச்சுன்னா, தொட்டியை மழைத்தண்ணி புடிக்க விட்டுடுவோம். சரியா?"

சரி என்றேன். கடையை விட்டேன். கடைக்காரர் மறுநாளே அக்கா மகனைக் கொண்டுவந்து என் இடத்தில் நிறுத்திவிட்டார். திரும்பிப் போகிற கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

எனவே, அந்தப் பதினொரு வெள்ளை வயிறுகளோடு சேர்ந்து என் வேலையும் மிதந்துகொண்டிருந்தது.

தொட்டிக்குள் ஒரு குடியேற்றம்

இந்த வித்தைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். பெயரைச் சொல்லப் பழகவே பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் ஆனது. சமாசாரம் ரொம்ப எளிது. மீன் தின்னும், கழிக்கும். அந்தக் கழிவுத் தண்ணீர் ஜல்லிப் பாத்திக்குப் போகும். ஜல்லியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கும். அவை கழிவை உரமாக்கும். உரத்தைக் கீரை குடிக்கும். கீரை குடித்த பிறகு மிஞ்சுகிற சுத்தத் தண்ணீர் மீனுக்கே திரும்பும். மண் வேண்டாம்.

எங்களுக்கு இது ஏன் என்று மெயின்லாண்ட்காரர்கள் கேட்பார்கள். நாலு நாள் கடல் கொந்தளித்துக் கப்பல் வராமல் போகட்டும், ரங்கத் பஜாரில் தக்காளி தங்கக் காசு மாதிரி துணிக்குள் ஒளிந்துகொள்ளும். மழை அடித்தால் பாத்தியில் மேல் மண் இருக்காது. மழை நின்றால் தண்ணீர் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டுக் கீரை முளைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புரியாதது அந்தக் கிருமி விஷயம்தான். "அவங்க எப்ப வருவாங்க, மேடம்? யார் கொண்டாந்து விடுவா?" என்று சுபல் கேட்டான்.

"உங்க தாத்தா எப்படி வந்தாரு?"

"ஜகாஜ்ல. கப்பல்ல."

"வந்த அன்னைக்கே காடு வெட்டி, வயல் போட்டு, நெல்லறுத்துட்டாரா?"

"நஹீ. குடிசை கட்டவே டைம் ஆச்சாம்."

"கிருமியும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமா குடியேறும். அதுக்குள்ள வேலையைக் கொட்டினா தாங்காது."

வங்காளி, தெலுங்கர், மலையாளி, இலங்கை மலையகத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்து ஜனம் என்று மொத்த ஊரே ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியதுதான். குடியேற்றம் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதற்கும் நடந்துகொண்டதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் கதை.

கரும்பச்சை

தண்ணீரில் அமோனியா எவ்வளவு என்று பார்க்க ஒரு சின்ன பாட்டிலில் சொட்டு மருந்தும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கலர் அட்டையும் உண்டு. கழிவும் தின்னாத தீவனமும் சேர்ந்தால் உண்டாகிற நஞ்சு அது. மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து.

யோகேஸ்வரி சொட்டு விட்டுக் குலுக்கினாள். மஞ்சள் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பச்சையாகி, முற்றிய வெற்றிலை மாதிரி கறுத்தது.

"அட்டையில இதுக்கு மேல கலரே இல்ல, மேடம்," என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். அதற்கு இவ்வளவு பச்சை ஏறாது. வகுப்பை உட்கார வைத்தேன்.

"கோவிச்சுக்க மாட்டேன். யார் யார் என்னென்ன போட்டீங்க?"

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று ஆரம்பிக்கிற டீச்சரை யாரும் நம்புவதில்லை.

"காலைல நான் போட்டேன்," என்றாள் யோகேஸ்வரி. "பத்து மணிக்கு நைன்த் பி காரங்க போட்டாங்க. ஆனா அது சேராது, மேடம். அவங்க நம்ம கிளாஸே இல்லல்ல."

"மீனுக்குத் தெரியுமா அது நைன்த் பி-ன்னு?"

சுபல் எழுந்தான். "மேடம், நான் பொரி. வீட்லேர்ந்து. தோடா சா, கொஞ்சூண்டு."

"தோடா சான்னா எவ்வளவு?"

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினான். அதில் ஒரு கோழிக்குஞ்சு சௌகரியமாகப் படுத்துத் தூங்கலாம்.

ஒருவன் ரொட்டி. ஒருத்தி இட்லி. வாட்ச்மேன் ஏதோ. பிரின்ஸிபால் தினமும் பதினொரு மணிக்கு ரவுண்டு வரும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நொறுக்கிப் போடுவார் என்று நாலு பேர் சாட்சி சொன்னார்கள்.

சமையல் கொட்டகை வாசலிலிருந்து பொன்னம்மா அக்கா எட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாடு சமைப்பவர். எங்களைப் போலவே தோட்டத்துக் குடும்பம். எட்டு வயதில் கப்பலேறியவர். "என்னா, கனகா? பஞ்சாயத்தா? நானும் சொல்லிப்புடுறேன். சோறு வடிச்ச கஞ்சி ஊத்துவேன். பருப்பு மிஞ்சுனா அதுலயும் ஒரு கரண்டி. என்னயப் பாத்தா மேல வருதுங்க. வாயத் தொறக்குதுங்க. எப்படிப் பாத்துக்கிட்டுப் போறது?"

அப்போது யோகேஸ்வரி மெதுவாக என்னைப் பார்த்தாள். "நீங்க, மேடம்?"

சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பூட்டும்போது நானும் ஒரு பிடி போடுவேன். ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு கிடக்குமே என்று. ஃபோனில் நாற்பது வீடியோ பார்த்தவள் போட்டேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஒரு சொலவடை. ஆறே இல்லாத தீவுக்கு அதைக் கொண்டுவந்து என்ன பிரயோஜனம் என்று சின்ன வயசில் நான் கேலி செய்ததுண்டு. தொட்டி வந்த பிறகுதான் அது யாருக்குச் சொன்னது என்று தெரிந்தது.

கானா காயா?

இந்த ஊரில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் முதல் வார்த்தை 'கானா காயா?', சாப்பிட்டாச்சா? நலமா, பிழைப்பு எப்படி, மழை பெய்யுமா எல்லாம் அதற்குப் பிறகுதான். இல்லை என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கையில் தட்டு வந்துவிடும்.

இந்த மீன்களைக் கொண்டுவந்த நாளே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். போர்ட் பிளேர் பக்கத்திலிருந்து, காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில், காட்டுப் பாதையில் கூட்டமாக அனுப்புகிற முதல் கான்வாய் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாராடாங் படகுத்துறையில் வண்டி படகில் ஏறுவதற்காகக் காத்திருந்தோம். பக்கத்து சீட்டுத் தெலுங்கு அம்மா பையை உற்றுப் பார்த்து, "பச்சோங்கோ கானா தியா?" என்று கேட்டார். குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்தாயா என்கிறார். பயணத்தில் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கெட்டுவிடும் என்றேன். படகு கரை சேரும்வரை அந்த அம்மா, மருமகளைப் பட்டினி போட்ட மாமியாரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். படகை விட்டு இறங்கும்போது பைக்குள் எப்படியோ அரை முறுக்கு மிதந்தது. முடிச்சு அவிழ்ந்து, திரும்பக் கட்டப்பட்டிருந்தது.

பலகை

செவ்வாய்க்கிழமை ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'மீன்களுக்கு உணவு போடக் கூடாது.' தமிழில், ஹிந்தியில், இங்கிலீஷில். அடியில் என் கையெழுத்து வேறு.

அன்று மதியம் எனக்குத் தேத்தண்ணி வரவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்குப் பொன்னம்மா அக்கா கொட்டகையிலிருந்து ஒரு டம்ளர் அனுப்புவார். போய்ப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவமா?"

"எனக்கு என்னா கோவம்? எழுதிப் போட்டுட்டீங்கள்ல. படிச்சவங்க."

'நீங்க' என்று சொன்னார். பத்து வருஷமாக என்னை 'வா, போ' என்று சொல்கிறவர். மரியாதையாலேயே ஒரு மனுஷியை அடிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"அக்கா, நஞ்சாயிடுதுக்கா. போடப் போடத்தான் சாவுது."

"சோறு போட்டுச் செத்ததுன்னு நான் கேட்டதில்ல. போடாமச் செத்தது பாத்திருக்கேன்." கத்தி நின்றது. "இலங்கையிலேருந்து வந்து, கப்பல் ஏறுறதுக்கு முந்தி கேம்ப்புல இருந்தப்ப எனக்குக் கீழ ஒருத்தன் இருந்தான். சின்னவன். இப்புடித்தான், வாயத் தொறந்து தொறந்து மூடுவான்." வெங்காயத்தை மறுபடி உரிக்க ஆரம்பித்தார். "நீங்க போங்க. ஒங்க மீனுக்கு நாங்க யாரும் போடல."

அந்த வாயைப் பார்த்தவரிடம் போய் அமோனியா என்று நான் எப்படிச் சொல்வது?

பலகையால் சோறு நிற்கவில்லை. ஒளிந்துகொண்டது. முன்பெல்லாம் வெளிச்சத்தில் போட்டவர்கள், இப்போது நான் வகுப்பில் இருக்கும்போது போட்டார்கள். போட்டுவிட்டுத் திரும்பி நின்று ஆகாயத்தைப் பார்த்தார்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றினோம். ஒரு நாள் பச்சை வெளிறியது. மறுநாள் திரும்பக் கறுத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் ஏழு மீன்கள் செத்து மிதந்தன. பிரின்ஸிபால் தொட்டி ஓரத்தில் நின்று எண்ணினார்.

"கனகாம்மா, பிள்ளைங்க கண்ணு முன்னாடி தினம் ஒரு சாவா இருக்கு. இது பாடமா என்ன? புதன்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, மிச்சத்தைக் குளத்துல விட்டுட்டு மூடிடலாம்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். கை பாதி வழியில் பலகையைப் பார்த்தது. திரும்பியது. நான் நகர்ந்த பிறகு மறுபடியும் போயிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை

சமாதானம் பேச ஒரு வழி எனக்குத் தெரியும். அன்று மதியம் வீட்டில் செய்த இடியாப்பமும் சொதியும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சொதி என்றால் பொன்னம்மா அக்காவுக்கு உயிர். பிள்ளைகளும் கூட வந்தார்கள், சண்டை பார்க்க.

"அக்கா, ஒரு வாய்."

"வேணாம்."

"என் மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. சொதி என்ன பண்ணுச்சு?"

"அதில்ல. இன்னைக்கு வெள்ளி. நான் வெரதம்."

"ஓ," என்று கையை இழுத்துக்கொண்டேன். என் பக்கத்தில் பொரிப் பொட்டலத்தை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்த சுபலும் இழுத்துக்கொண்டான். "சாரி, மாசி. வ்ரத் ஹை," என்று சொந்தச் சித்தியிடம் சொல்வது போலச் சொல்லி ஒரு அடி பின்னால் போனான்.

ஒரு அடி பின்னால். தீவனத்தைத் தடுக்க நான் மூன்று மொழியில் பலகை எழுதினேன், வகுப்பெடுத்தேன், கலர் அட்டை காட்டினேன். யாரும் அரை அடி போகவில்லை. விரதம் என்ற ஒரு வார்த்தைக்கு, வங்காளிப் பையன் தமிழ்க்காரம்மாவிடமிருந்து தானாக ஒரு அடி பின்னால் போகிறான்.

யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் நம் ஜனம் விடாது. வயிறு சரியில்லை என்றால் ரசமாவது குடி என்பார்கள். டாக்டர் சொன்னார் என்றால் அந்த டாக்டரையே சாப்பிடக் கூப்பிடுவார்கள். விரதம் என்றால் மட்டும் கை தானாக மடங்கும். ஏகாதசி, கார்த்திகை, ரம்ஜான் நோன்பு, தவக்காலம், எந்தச் சாமியாக இருந்தாலும் சரி.

"அக்கா," என்றேன், "மீனுக்கும் வெரதம்னு எழுதிப் போட்டுடவா?"

கொட்டகையே சிரித்தது. யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், அது பொய்யில்லையா? நீங்கதான் சயின்ஸ்ல பொய் எழுதக் கூடாதுன்னீங்க."

எனக்கும் அதுதான் உறுத்தியது. தீர்ப்புக்காக எல்லோரும் பொன்னம்மா அக்காவைப் பார்த்தோம். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயித்துக்கு ஓய்வு குடுக்குறதுக்குப் பேருதான் வெரதம். லங்கணம் பரம ஔசதம், பட்டினிதான் பெரிய மருந்துன்னு எங்கய்யா சொல்லும். காய்ச்சல்காரனுக்குச் சோறு போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுங்க சீக்கா இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கஞ்சி ஊத்துறேன்? நீ அம்மோனியா, கிம்மோனியான்னு பேசுன."

'நீ' திரும்பி வந்துவிட்டது. சொதி வேண்டாமென்றாலும் எனக்கு அது போதும்.

அமோனியாத்தா

பழைய பலகையைக் கழற்றினோம். புதுப் பலகையை யோகேஸ்வரி எழுதினாள். 'மீன்களுக்கு உடம்பு சரியில்லை. புதன்கிழமை காலை வரை விரதம்.' பொய் சேராமல் இருக்க முதல் வரி அவள் வற்புறுத்தியது. சுபல் வங்காள மொழியிலும் ஹிந்தியிலும் எழுதினான். ஓரத்தில் ஒரு பூவும் வரைந்தான். கேட்டதற்கு, "வ்ரத்னா பூ வேணும், மேடம்," என்றான்.

வேலையையும் விடவில்லை. காலையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். பிள்ளைகள் முறை வைத்து, குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், காற்று கலக்கட்டும் என்று. சனி, ஞாயிறு லீவிலும் வந்தார்கள். வீட்டில் இவர்களை ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

பலகை செய்த வேலை தனி. நைன்த் பி காரர்கள் இட்லியோடு வந்து, படித்து, இட்லியைத் தாங்களே தின்றுவிட்டுப் போனார்கள். வாட்ச்மேன் தொட்டிக்கு அருகே பீடி குடிப்பதை நிறுத்தினார். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தொட்டி விளிம்பில் ஒரு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

"எந்தச் சாமிக்கு விரதம்?" என்று ஆறாம் வகுப்புப் பொடிசு ஒன்று கேட்டது.

"அமோனியா மாதா," என்றான் சுபல்.

"அமோனியாத்தா," என்று திருத்தினாள் யோகேஸ்வரி. "பச்சைச் சேலை கட்டியிருப்பா. கோவம் தணிஞ்சா மஞ்சளுக்கு மாறுவா."

நாலு வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டு நடத்திய பாடத்தை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

பதினொரு மணிக்குப் பிரின்ஸிபால் வந்தார். கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. பலகையைப் படித்தார். பிஸ்கட்டைப் பாதி வெளியே எடுத்தவர், அதைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கொட்டகை வாசலில் கரண்டியோடு நின்ற பொன்னம்மா அக்காவைப் பார்த்தார்.

"எனக்குத்தான், எனக்குத்தான்," என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த ஐந்து நாளில் மிகவும் கஷ்டப்பட்டது மீன்கள் இல்லை. பொன்னம்மா அக்காதான். சோறு வடிக்கும்போது கஞ்சிப் பானையோடு கால் தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பும். நின்றுவிடுவார். "சீக்கு. சீக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கஞ்சியை வாழை மரத்தடியில் ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன் செத்தது. அதை எடுத்துப் புதைத்தது, லீவிலும் வந்து பார்த்த அவர்தான். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திங்களும் செவ்வாயும் எதுவும் சாகவில்லை.

ஒரு ஸ்பூன்

புதன்கிழமை எனக்கு முன்னாலேயே எல்லோரும் வந்திருந்தார்கள். பிரின்ஸிபால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யோகேஸ்வரி சொட்டு விட்டுக் குலுக்கினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். எலுமிச்சைத் தோல் மாதிரி, பச்சையின் சாயல் கொஞ்சம் ஓடிய மஞ்சள். அதற்கு மேல் ஏறவில்லை.

"மேடம், மீனைக் காணோம்," என்று சுபல் கத்தினான்.

குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிந்து தொட்டியின் அடி தெரிந்தது. மேலே ஒரு வாய்கூட இல்லை. அத்தனையும் கீழே, கறுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டமாக ஒரு பக்கம் போய்த் திரும்பி மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன.

"வெரதம் முடிஞ்சா சோறு போடணும்ல?" என்றார் பொன்னம்மா அக்கா.

யார் போடுவது என்பதில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. நான் டப்பாவையும் ஸ்பூனையும் அவரிடமே கொடுத்தேன். "ஒரு ஸ்பூன்தான், அக்கா. தலை தட்டி."

ஸ்பூன் கோபுரமாக வந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் மேலே இருந்ததை மெல்லத் தள்ளினார். குருணைகள் டப்பாவுக்குள் உதிர்ந்தன. ஐம்பது வருஷத்தில் அந்தக் கை ஒரு கரண்டியைத் தலை தட்டியது அன்று ஒரு தடவையாகத்தான் இருக்கும். அப்புறம் தூவினார். கூட்டம் மேலே பாய்ந்தது, நிமிஷத்தில் முடித்தது. நாலைந்து மீன்கள் திரும்பி வந்து அவருக்கு நேராக வாயைத் திறந்தன.

"போதும்," என்றார் அவர். "உள்ள போங்க. நாளைக்குத் தாறேன்."

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் பலமாக உருண்டன.

அன்று மதியம் எங்கள் யாருக்கும் தப்பிக்க வழியிருக்கவில்லை. மீனுக்குப் போட முடியாததெல்லாம் எங்கள் தட்டில் விழுந்தது. எனக்கு இரண்டாம் தடவை சோறு. சுபலுக்குக் குவித்த கை நிறையப் பொரி, அதன் மேல் பருப்பு. பிரின்ஸிபால் ருசி பார்க்க வந்தவர், பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். மூன்றாவது கரண்டி வந்தபோது இரண்டு கைகளாலும் தட்டை மூடினார். பொன்னம்மா அக்கா கரண்டியோடு அசையாமல் நின்றார்.

"சார், வகுப்பு?" என்று கேட்டேன்.

"நடக்கட்டும், நடக்கட்டும். மேல எழுதிடுறேன். கனகாம்மா, முதல்ல இவங்ககிட்ட போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"இன்னைக்குப் புதன், சார்," என்றேன். "நீங்க வெரதமா?"

இல்லை என்று தலையாட்டினார், பாவம், உண்மையைச் சொல்கிற மனிதர். கரண்டி இறங்கியது.